இடது மூலையில பாருங்க

“இடது மூலையில பாருங்கம்மா, கீழே. அங்கதான் இருக்கும்!” தன் அறைக்குள்ளிருந்து, ஆபீசே ‘மேதை’ என்று அழைக்கும் கணக்கர் குரல் கொடுத்தார்.

ஹாலில் உட்கார்ந்து சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அக்கா, கம்ப்யூட்டர் திரையின் இடது மூலையைப் பார்த்தாள். கழுத்தைச் சாய்த்துக்கூடப் பார்த்தாள். வெறும் நீல நிறம்தான் இருந்தது.

“இல்லையே சார்...”

“என்னோடதுல இருக்கு, உங்களோடதுல மட்டும் எங்க போயிடும்? நல்லாப் பாருங்க.”

அந்த பெயிண்ட் மொத்த விற்பனை ஆபீசில் சனிக்கிழமை வரை ஓடிய சிஸ்டம் வேறு, திங்கட்கிழமை காலை வந்து உட்கார்ந்திருக்கும் சிஸ்டம் வேறு. ஆர்டர் மெயிலைத் திற, பில் போடு, மூன்று காப்பி பிரிண்ட் எடு, முத்திரை குத்தி லாரி டிரைவர் கையில் கொடு. அவள் யோசிக்காமலே விரல்கள் செய்துவந்த வேலை அது. இன்றோ வீடு மாறிய மறுநாள் உப்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி எல்லாவற்றையும் தேட வேண்டியிருந்தது. ஹாலில் மற்றவர்களும் திருதிருவென்று முழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜன்னல் வழியாக லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். “அக்கா, பெயிண்ட் டப்பாவுக்குள்ளயே காய்ஞ்சிடும் போலிருக்கு. பில் வருமா, வராதா?”

“ரெண்டு நிமிஷம்ணே.”

“காலையில இருந்து அதே ரெண்டு நிமிஷம்தான்!”

அவர் அலுத்துக்கொண்டதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. காலையில் மானேஜர் சொன்னதுதான் காதிலேயே நின்றது. “சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். புது சிஸ்டத்தை யார் நல்லாப் பிடிச்சுக்கறாங்களோ அவங்கதான் இனிமே இங்க ஹெட். முடியாதவங்க பேசாம குடோனுக்குப் போயிடுங்க. அங்க கம்ப்யூட்டரே கிடையாது.”

குடோன் ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கிருந்து எப்படி அடித்துப் பிடித்துக் கிளம்பினாலும், காப்பகம் மூடுவதற்குள் வந்து மகளைக் கூட்டிக்கொள்ள முடியாது. கூட்டிவர வேறு ஆளும் இல்லை. குடோன் என்றால் அவளுக்கு வேலையே போன மாதிரிதான்.

“சார், ஒரு பில்லை சேவ் பண்ணினேன். எங்க போச்சுன்னே தெரியல.”

“எங்கயும் போகாது. மேல ‘ஃபைல்’னு இருக்கும், அதை அமுக்குங்க.”

மேலே ‘ஃபைல்’ இல்லை. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். அப்போதும் இல்லை.

“சார், நீங்க ஒரு தடவை வந்து பார்த்தீங்கன்னா...”

“நான் வந்து செஞ்சு கொடுத்தா நீங்க எப்பக் கத்துக்கறது? பேருக்குத்தான்மா புதுசு. பயந்தா எல்லாம் புதுசாத்தான் தெரியும். என்னைப் பாருங்க, காலையில இருந்து எத்தனை ரசீது போட்டுத் தள்ளிட்டேன்!”

அது பொய்யில்லை. கணக்குப் பிரிவு அறையில் அவருடைய பிரிண்டர் ஓயாமல் காகிதம் துப்பிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது. கண் சரியென்றால் மூளையா?

பக்கத்து மேஜை கேஷியர் பெண் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். “அக்கா, அவர் வேணும்னே தப்புத் தப்பாச் சொல்றார். நீங்க ஹெட் ஆயிடக்கூடாதுன்னு நெனைக்கிறார்.”

“சேச்சே, அப்படியெல்லாம் செய்வாரா?”

“செய்வார்க்கா. என்கிட்டயும் இடது மூலைதான் சொன்னார். என்னோடதுலயும் ஒண்ணும் இல்ல.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஒரே ஆபீசில் வேலை பார்த்த மனிதர் இப்படியும் செய்வாரா? ஆத்திரமாக வந்தது. இனி அவரிடம் கேட்பதில்லை என்று முடிவு செய்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். ஒன்று கால்குலேட்டரைத் திறந்தது. இன்னொன்று திரையையே கறுப்பாக்கிப் பயமுறுத்தியது. மதியச் சாப்பாட்டையும் மறந்து மல்லுக்கட்டியதில் ஒருவழியாகப் பிரிண்டர் முனகியது. அன்று அந்த ஹாலில் வெளிவந்த முதல் காகிதம் அதுதான்.

டிரைவர் வாங்கிப் பார்த்தார். “என்னக்கா, எழுத்தெல்லாம் படுத்துக் கிடக்கு?”

“படுத்தபடியே எடுத்துட்டுப் போங்கண்ணே.”

சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறேழு லாரிகளை எப்படியோ அனுப்பிவிட்டாள். பில்கள் போகப் போக நிமிர்ந்து நிற்கவும் கற்றுக்கொண்டன.

ஆனால் மானேஜர் நின்றது மேதையின் நாற்காலிக்குப் பின்னால். கம்ப்யூட்டரைப் பற்றி மானேஜருக்குத் தெரிந்தது அதன் விலை மட்டும்தான். மேதையின் விரல்கள் ஓடும் வேகத்தில் சொக்கிப்போய், அவர் அறை வாசலுக்கு வந்து எல்லோரையும் அழைத்தார்.

“ஒரே நாள்ல இந்த மனுஷன் அதைக் கரைச்சுக் குடிச்சிட்டார்! இனிமே இவர்தான் ஹெட். நாளையில இருந்து எல்லாருக்கும் இவர்தான் கத்துக்கொடுப்பார்.” பிறகு அக்காவிடம் திரும்பினார். “நீங்க காலையில இருந்து கூப்பாடு போட்டுட்டே இருந்தீங்களேம்மா. குடோன்தான் உங்களுக்குச் சரியா வரும்.”

மகளைப் பற்றிச் சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் மேதை குறுக்கிட்டார்.

“பெருசா ஒண்ணுமில்ல சார்,” மேதை அடக்கமாகச் சிரித்தார். “சத்தியமாச் சொல்றேன், எனக்கு எதுவுமே வித்தியாசமாத் தெரியல.”

அப்போது தோளில் பையோடு ஓர் ஆள் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

“மன்னிச்சுக்கங்க சார், நேத்து எல்லா கம்ப்யூட்டரையும் மாத்திட்டோம், இந்த ஒரு ரூம் மட்டும் பூட்டியிருந்துச்சு,” என்று மேதையின் நாற்காலியை நெருங்கினான். “கொஞ்சம் எழுந்திரிச்சீங்கன்னா, இதுலயும் புது சிஸ்டத்தை ஏத்திட்டுப் போயிடுவேன்.”

“அப்போ... இன்னிக்குப் புது சிஸ்டத்துல வேலை செஞ்சு லாரியெல்லாம் அனுப்பினது யாரு?” என்று மானேஜர் கேட்க, ஹால் மொத்தமும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது.