ஆறடிக்கு ஏற்ற மட்டை

“என்ன மட்டை இது? கைக்குப் படியவே மாட்டேங்குது!”

கணவர் புதிய கோல்ஃப் மட்டையால் தட்டிய பந்து, ஹாலின் மறுகோடியில் படுக்க வைத்திருந்த டம்ளரை விட்டுவிட்டு சோஃபாவுக்கு அடியில் ஓடியது.

“புதுசு இல்லையா? பழகணும்” என்றபடி மனைவி பந்தை எடுத்து வந்தாள்.

“பிடி மெத்துனு நல்லாத்தான் இருக்கு. நீளம்தான் நெஞ்சுல இடிக்குது. பழைய மட்டை ஒத்துவரலன்னுதானே புதுசு வாங்கினோம்? இதுவும் அதே நீளம். கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான்.”

“அவர் மேல தப்பில்லைங்க. உங்க உயரத்தைக் கேட்டுத்தான் கொடுத்தார்.”

“நீ என்ன சொன்னே?”

அவள் பந்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பழக்க தோஷத்துல… ஆறடின்னு சொல்லிட்டேன்.”

அவர் மட்டையை இன்னும் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“விடு. போன வருஷம் வரைக்கும் ஆறடிதானே இருந்தேன்.”

அவள் பந்தைத் தரையில் வைத்தாள். சக்கர நாற்காலியின் பிரேக்கை இறுக்கினாள். முழங்காலுக்குக் கீழே காலியாகத் தொங்கிய பேன்ட்டை மடித்துச் செருகினாள்.

“இப்ப அடிங்க” என்றாள்.