கரண்டிமூக்கு

வக்கீல் சேற்றில் குப்புறக் கிடந்தார். அவர் மனைவி குடைக் கம்பியால் அவர் உள்ளங்காலைக் குத்திப் பார்த்தாள். கால் அசைந்தது.

“உயிர் இருக்கு,” என்றாள்.

“உஷ்!” வக்கீல் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பறவை பார்க்க வந்த இடத்துல பேசக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?”

விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பேசக் கூடாது என்பதைப் புரியவைக்க அவ்வளவு பேச வேண்டியிருந்தது.

இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கும் கரை அது. அதுவரை பூட்டிக் கிடந்ததை இந்த வருடம்தான் திறந்துவிட்டிருந்தார்கள். வண்டி போகாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கால் புதையப் புதைய நடந்து வந்திருந்தார்கள்.

பறவை நோக்கர் சங்கத் தலைவர் தேர்தலில் வக்கீலுக்கும் பல் டாக்டருக்கும் சம ஓட்டு. ஒரு ஓட்டு கூடட்டுமே என்று மனைவியையும் சங்கத்தில் சேர்த்துப் பார்த்தார். டாக்டரும் தன் மனைவியைச் சேர்த்தார். மறுபடியும் சமம்தான். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் டாக்டர். வக்கீல் ஒப்பவில்லை. குலுக்கலில் வாதாட இடமில்லை.

அவரே ஒரு விதி எழுதினார். புதுக் கரையில் கரண்டிமூக்கு உள்ளான் என்ற அபூர்வப் பறவையை முதலில் படமெடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் உறுப்பினர் எவரோ, அவரே தலைவர். மேல்முறையீடு கிடையாது. ‘எவரோ’ என்று போட்டது பெருந்தன்மை. டாக்டரைத் தவிர மற்ற உறுப்பினர்களுக்குக் காக்கைக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாது என்ற தைரியத்தில் வந்த பெருந்தன்மை.

டாக்டர் கரையின் மறுகோடியில் இதேபோலக் கிடந்தார்.

“அது எப்படி இருக்கும்?” என்றாள் மனைவி, ரகசியமாக.

“சிட்டுக்குருவி அளவு. மூக்கு நுனி கரண்டி மாதிரி.”

“கரண்டி பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தோம்? சமையலறைப் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தா போதுமே.”

“உஷ்!”

வெயில் ஏறியது. ஒரு குட்டி நண்டு வக்கீலின் முழங்கை மேல் ஏறி, யோசித்து, இறங்கிப் போனது. அவர் அசையவில்லை. கண் தண்ணீரின் விளிம்பிலேயே இருந்தது. கோர்ட்டில் நீதிபதி கெஞ்சியும் ஒரு நிமிடம் சும்மா இருக்காத மனிதர், தலைவர் பதவிக்காகக் கட்டையாகக் கிடந்தார்.

உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது.

“ஏங்க,” என்றாள் மனைவி.

“உஷ்!”

“உங்க கால்ல...”

“நண்டு. இருக்கட்டும்.”

“நண்டு இல்லீங்க...”

“இன்னொரு வார்த்தை பேசினா, உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். கைபேசியை எடுத்து அவரைப் படம்பிடிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தங்கைக்கு அனுப்புவாள். அத்தான் சேற்றில் கிடக்கும் அழகைப் பார்த்து அவள் இரண்டு நாள் சிரிப்பாள். சிரிக்கட்டும். தலைவரான பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சற்று நேரத்தில் சட்டைப் பையில் அவர் கைபேசி துடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. எடுத்தால் அசைவு தெரியும். எடுக்கவில்லை.

“வக்கீல் சார், எழுந்திருங்க! முடிஞ்சு போச்சு!”

டாக்டர் சேறு சொட்டச் சொட்ட வந்துகொண்டிருந்தார். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவர், தன் வாயையும் நன்றாகத் திறந்து கத்தினார். சுற்றியிருந்த பறவைகளெல்லாம் எழும்பிப் போயின.

வக்கீல் சேற்றிலிருந்து தலையைத் தூக்கினார். “நீங்க எடுத்துட்டீங்களா?”

“நான் எடுத்திருந்தா இந்த மூஞ்சியோடவா வருவேன்? குழுவைப் பாருங்க.”

டாக்டர் தன் கைபேசியை நீட்டினார். கரண்டிமூக்கு உள்ளானேதான். கரண்டி தெளிவு, இறகு தெளிவு. கடல் கடந்து வந்த களைப்பில் எதன் மேலோ ஏறி நின்று கண்ணைச் சொருகிக்கொண்டிருந்தது.

“படம் பிரமாதம்,” என்றார் டாக்டர். “ஆனா அது ஏறி நிக்குதே, அந்த அழுகின கட்டைதான் படத்தையே கெடுக்குது.”

வக்கீல் உற்றுப் பார்த்தார். கட்டைக்கு ஐந்து விரல்கள் இருந்தன.

மெல்லத் திரும்பினார். மனைவி குடையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

“ஏன்டி, இதை என்கிட்ட ஒரு வார்த்தை...”

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

“உஷ்! தலைவர் இருக்கிற இடத்துல பேசக் கூடாது.”