நீவ் என்றொரு பெயர்

டப்ளினில் நர்ஸாக இருக்கும், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த மகள் பிஜி, குழந்தையின் ஞானஸ்நான விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயரை, பேரூர்க்கடை வீட்டில் சத்தியதாஸ் எழுத்துக்கூட்டினார்.

“நி... யா... ம்... எந்து பேருடி மக்களே இது?”

“நீவ்னு சொல்லணும்ப்பா. ஐரிஷ் பேரு. ஒளின்னு அர்த்தம்.”

“எழுதுறது ஒண்ணு, விளிக்கிறது வேறொண்ணா? பாஸ்டருக்குப் பல்லு உடையும்!” சிரித்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “நீ ஓட்டின காருல அடிபட்டாளே, உன் கூட்டுக்காரி, அவ பேருதானே?”

“ஆமாப்பா.”

“அவ பிழைச்சாத்தான் உனக்கு ஜெயில் இல்லைன்னு வக்கீல் சொன்னாரே. இப்போ எப்படி இருக்காளாம்?”

“நல்லா இருக்கா. நடக்குறா.” பிஜி குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்போ திங்கக்கிழமை தைரியமா பிளைட் ஏறு.”

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். ‘சத்தியதாஸ்’ என்று பாதி எழுதியவரின் கை நின்றது. அது, அவர் பிறக்குமுன் இறந்துபோன பெரியப்பாவின் பெயர்.

“மக்களே...” அவர் குரல் இறங்கியது. “நம்ம குடும்பத்துல உயிரோட இருக்கிறவங்க பேரைப் பிள்ளைக்கு வைக்கிற பழக்கமே இல்லையே?”

பிஜி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்ப்பா.”