பந்தலுக்குள் ஒரு கடல்நாய்

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். கவாய் தீவுக் கடற்கரையில், பூப்பந்தலுக்கு நேர் கீழே கடல்நாய் ஒன்று அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட, கடல்நாய்ப் பாதுகாப்புத் தன்னார்வலப் பெண் ஒருத்தி யாரும் நெருங்காதபடி சுற்றிலும் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

போதகர் கலானி அவளிடம் ஓடினார். “கொஞ்சம் எழுப்பி விடேம்மா!”

“சட்டப்படி கிட்டவே போகக் கூடாது, போதகரே. சாயங்காலம்வரைக்கும் தூங்கும். நாற்காலியெல்லாம் அந்தப் பக்கம் போடுங்க.”

“உனக்கென்ன, சொல்லிட்டே! முகம் தெரியாத கல்யாணப் பொண்ணுக்கு நான்ல பதில் சொல்லணும்? போன மாசம் ஒருத்தி, மழை வந்ததுக்கு என் மேல மாலையைக் கழட்டி வீசினா.”

“இவ கோவிக்க மாட்டா.”

“உனக்கெப்படித் தெரியும்?”

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவள் தொப்பியைக் கழற்றினாள். தலை முழுக்க, முடியைச் சுருட்டிவிடும் கிளிப்புகள்.

“பந்தல் அதுக்கே இருக்கட்டும். நான் போய்க் கல்யாணக் கவுனைப் போட்டுட்டு வந்துடறேன்.”

“முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா, மகளே!” போதகருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.