யாருடைய சித்தம்?

“பாளையங்கோட்டை மாப்பிள்ளை வீட்ல பதில் கேக்காவ. என்ன சொல்லட்டும்?” என்று ஜெமிமா கேட்டாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பியூலா நிமிரவில்லை. “கர்த்தர் சித்தம் தெரியணும்லா.”

“எத்தன நாளுதான் ஜெபம் பண்ணுவ? உனக்கு அவியளப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு. என் ஆசையையே அவர் சித்தம்னு நினைச்சுக்கிட்டா?”

“கர்த்தர் வேண்டாம்னு சொன்னாரா?”

“அவர் ஒண்ணும் சொல்லல. ஊரு என்ன சொல்லும்னுதான் யோசிக்கேன்.”

“அப்போ நீ இத்தன நாளா காத்துக்கிட்டிருந்தது ஊரோட சித்தத்துக்கு.”

பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, வரச் சொல்லுட்டி. ஆனா ‘எங்க அம்மாவுக்குக் கல்யாணம்’னு உன் மாமியார்ட்ட நீதான் சொல்லணும்.”