மரியாதைக்குப் பத்து மதிப்பெண்

உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கிறது. ஜன்னல் வெளிச்சம் எஃகு மேசையில் வழுக்கி, தானமாக வந்த பெரியவரின் உடல்மேல் விழுகிறது. "இவர்தான் உங்க முதல் ஆசிரியர். இவருக்குக் காட்டுற மரியாதைக்குப் பத்து மார்க்" என்று முழங்கும் பேராசிரியர், மதிப்பெண் ஏட்டை அந்த முதல் ஆசிரியரின் நெஞ்சிலேயே விரித்து, வயிற்றில் முழங்கையைச் சௌகரியமாக ஊன்றிக்கொள்கிறார். எதிரே நிற்கும் மாணவிக்கு இந்தப் பத்து கிடைக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. "வாயைத் திறந்தே, செத்தே" என்று தோழி கிசுகிசுக்கிறாள். பக்கத்திலேயே ஒருவர் செத்துக் கிடக்கையில் மாணவிக்கு அது பெரிய மிரட்டலாகப் படவில்லை. "சார், ஒரு நிமிஷம்" என்று ஏட்டை மெல்ல எடுத்து, பெரியவரைத் துணியால் மூடிவிட்டு, ஏட்டைத் தன் உள்ளங்கைகளில் ஏந்தி நீட்டுகிறாள். "எழுதுறப்போ பிடுங்குறதுதான் மரியாதையாம்மா?" பேனா தாளில் அழுந்துகிறது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. வட்டமாகச் சுற்றி வந்து மூடிக்கொண்ட முட்டை உள்ளங்கையிலேயே தெரிகிறது.