அசையாத கோடு

எண்ணூரில் புதுப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் பதிக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கண்ணாடி இழை கொடுத்திருந்தாள் இன்ஜினீயர் லுப்னா. பாரத்தில் பாலம் லேசாக வளைந்தாலே கணினித் திரையில் கோடு ஆடும்; மயிரிழை விரிசல் விட்டாலும் எகிறும். இன்று பாரம் ஏற்றிப் பாலத்தைச் சோதிக்கும் நாள். முதல் டிரெய்லரை ஓட்டியவர் அவளுடைய அப்பா பஷீர்.

டிரெய்லர் நடுப்பாலத்துக்கு வந்தும் கோடு அசையவில்லை.

“பாத்தியா பாப்பா, இன்னா ஸ்ட்ராங்கு!” என்றார் மேஸ்திரி குமாரவேல்.

“இவ்ளோ வெயிட்டுக்கு லேசாவாவது ஆடணுமேண்ணே. நான்தான் எதுனா தப்பா செட் பண்ணிட்டேனா?”

“இதுக்கு ஏன் பேஜாராவுற? கான்கிரீட் கொட்டும்போது ஒயரு அறுந்துடப் போவுதுன்னு, உள்ள போடாம பத்திரமா சுத்தி வச்சிகீறேன்!” கணினி மேசைக்கு அடியிலிருந்து இழைச் சுருள் இருந்த பெட்டியைப் பெருமையாக இழுத்தார்.

லுப்னா பாலத்தை நோக்கி ஓடினாள்.

“அத்தா, எறங்குங்க!”

பஷீர் ஜன்னல் வழியே சிரித்தபடி கையசைத்தார். அவருக்குப் பின்னால் இரண்டாவது டிரெய்லர் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.